இழப்பு என்கிற கட்டம்

அன்னிக்குக் காலையில ஆபீஸ் சுவத்துல நான் படம் ஒட்டிக்கிட்டு இருந்தப்ப என் வீட்டுக்காரர் போன் பண்ணாரு. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. மத்தியானம் கமிட்டி வருது, கை ரெண்டும் பசை, இவருக்கு இப்பத்தான் பேசணுமா?

"என்னங்க, சீக்கிரம் சொல்லுங்க."

"பம்ப் காத்தை இழுக்குதும்மா."

"இழுத்தா நிறுத்துங்க. அதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"நிறுத்திட்டேன். கிணத்துல தண்ணியே இல்ல."

இவரு டவுனுக்குக் குடிதண்ணி ஏத்துற பம்ப் ஹவுஸ்ல ஆபரேட்டர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த பம்ப்பைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை இவரு வாயில வந்து நான் கேட்டதில்ல. பேரிங் போச்சு, கரண்ட் போச்சு, கிணறு இறங்குது, எல்லாம் போச்சு. தட்டு முன்னாடி உக்காந்தாப் போதும், இதே பல்லவிதான். இந்த சீசன்ல 'கிணறு இறங்குது' கொஞ்சம் அடிக்கடி வந்துச்சு. நானும் 'மழை இல்லங்க, எல்லா இடத்துலயும்தான் இறங்குது'ன்னு சொல்லிட்டு, சரியா காதுல கூட வாங்காம சாப்பிட்டு எழுந்திருப்பேன்.

"டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஆஸ்பத்திரிக்கும் இதே லைன்தான்." குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "அங்க ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஓடுதும்மா. தண்ணி நின்னா அதுவும் நிக்கும். லாரிக்குச் சொல்லியிருக்கேன், நாளைக்குத்தான் வருமாம்."

இவரு எப்பவும் அலுத்துக்கிட்டே பேசுற ஆளு. அன்னிக்கு அலுப்பே இல்லாம பேசினாரு. பசைக் கையைப் புடவையிலயே துடைச்சுக்கிட்டு ஜீப் சாவியைத் தேடினேன்.

நான் நீர்ப்பாசன ஆபீஸ்ல இன்ஜினியர். ஆத்துத் தண்ணி எங்கெங்க போகுது, எவ்வளவு போகுது, வாய்க்காலோட கடைசி வயல் வரைக்கும் ஏன் வந்து சேரலன்னு அளந்து சொல்றது என் வேலை. இந்த ஆத்துப் படுகை முழுக்கப் பாசனத்துக்குத் தண்ணியைக் கூட்ட என்ன வழின்னு ஒரு ஆய்வு. அணையை உசத்தலாம், ஏரிகளைத் தூர் வாரலாம், வாய்க்கால் தொடக்கத்துல இருக்கிற மேல்மடைக்காரங்களுக்கு முறை வச்சு விடலாம், வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாம். எங்க பெரிய இன்ஜினியருக்குக் கடைசியா சொன்னதுதான் உயிர். மண்ணாத் தெரியிற எதையும் பூசி மெழுகிடணும் அவருக்கு. ஆபீஸ்ல அவருக்குப் பேரே சிமெண்ட் சார்தான். அது அவருக்கும் தெரியும், கோவிச்சுக்க மாட்டாரு.

கான்கிரீட் போட்டா என்ன மிச்சமாகும்னு பார்க்க ஒரு சோதனை வச்சோம். வாய்க்கால்ல ஒரு துண்டை ரெண்டு பக்கமும் அடைச்சு, தண்ணி ரொப்பி, மட்டம் எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கணும். டவுனை ஒட்டிப் போற துண்டு மணல் பூமி. ஓட்டைக் குடம் மாதிரி இறங்குச்சு. வெயில்ல ஆவியானதைக் கழிச்சு, மீதி அத்தனையையும் நான் 'இழப்பு'ன்னு ஒரு கட்டத்துல போட்டேன். எங்க தொழில்ல அப்படித்தான். மேல விட்டது கீழ வந்து சேரலன்னா அதுக்குப் பேரு இழப்பு. எங்க போச்சுன்னு யாரும் கேக்குறதில்ல, நானும் கேக்கல. அளவு மட்டும் சுத்தமா இருந்துச்சு, அதுல எவனும் குறை சொல்ல முடியாது.

சீசனுக்கு முன்னாடி அந்தத் துண்டு முழுக்கக் கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சோம். கான்கிரீட்டுக்கு ஒத்திகைன்னு வச்சுக்கோங்க. ஷீட்டும் ஷீட்டும் சேர்ற ஒவ்வொரு ஒட்டையும் நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். கரையில மணல் மூட்டை வச்சு அழுத்தி, தண்ணி திறந்தோம். பல வருஷத்துக்கு அப்புறம் கடைமடை வரைக்கும் போச்சு.

அந்தக் கடைமடையில என் தம்பி இருக்கான். எங்க அப்பா விட்டுட்டுப் போன வயலு. தண்ணி வராம வெறுத்துப்போய், பெரிய நகரத்துல ஒரு கிடங்குல பெட்டி தூக்கப் போனவன். பொண்டாட்டியும் கைக்குழந்தையும் இங்க, அவன் அங்க. இந்த வருஷம் நான்தான் கூப்பிட்டேன். 'தண்ணி வரும்டா, அக்கா சொல்றேன்ல, வந்து நடு'ன்னு. வந்தான், நட்டான். பயிரு இப்ப கதிர் வெளிய வர்ற நேரம். நெல்லுக்கு இந்த நேரத்துல தண்ணி காஞ்சா அப்புறம் எவ்வளவு விட்டாலும் பிரயோஜனம் இல்ல, பதர்தான் மிஞ்சும். அன்னிக்குக் காலையிலதான் அவனுக்கு முறை ஆரம்பிச்சுது. இந்தத் தடவை விளையலன்னா குடும்பத்தோட கிளம்பிடுவேன், திரும்ப வரவே மாட்டேன்னு அவன் சொல்லியிருந்தான். என் தம்பி சும்மா சொல்ற ஆளில்ல.

ஜீப்பை எடுத்துக்கிட்டு பம்ப் ஹவுஸுக்குப் போனேன். வாய்க்கால் கரையை ஒட்டித்தான் அது. ஒரு கல்லை விட்டெறிஞ்சா வாய்க்கால்ல விழும். எங்க ஆபீஸும் குடிதண்ணி ஆபீஸும் ஒரே கட்டடம் வேற, நாங்க மாடி, அவங்க கீழ. படிக்கட்டுல பார்த்தா தலையாட்டிக்குவோம், அவ்வளவுதான்.

இவரு கிணத்து விளிம்புல உக்காந்திருந்தாரு. சட்டையில கிரீஸ். முகம் பேயறைஞ்ச மாதிரி.

"ரெண்டு தடவை குழாயை இறக்கினேன். இனிமே இறக்கினா தரையில இடிக்கும்," அப்படின்னாரு.

"எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"தினம் சொன்னேனேம்மா."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. டேப்பை இறக்கினேன். நுனியில உலோகக் குப்பி கட்டின டேப்பு, தண்ணியைத் தொட்டா 'டொப்'புன்னு கேக்கும். கேக்கவே இல்ல. சேத்துல போய்த்தான் உக்காந்துச்சு.

"வழக்கமா எப்ப ஏறும் இது?"

"வாய்க்கால் திறந்த அன்னிக்கே ஏறும். காலையில திறந்தா சாயங்காலம் பார்க்கலாம். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம்தான் ஏறல."

"அது ஏன்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?"

"நீதான மழை இல்லன்னு சொன்ன."

மழைதான் காரணம்னா எல்லாக் கிணறும் ஒண்ணு போல இறங்கணும். ஷீட்டு ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு சலவைக்கடை இருக்கு, அங்க ஒரு கிணறு. ஜீப்பைத் திருப்பினேன். சலவைக்காரர் வாயில கிளிப்பைக் கவ்விக்கிட்டு ஹோட்டல் போர்வையெல்லாம் காயப்போட்டுக்கிட்டு இருந்தாரு. கிணத்தைப் பார்க்கலாமான்னு கேட்டா, 'பாரும்மா, அழகா இருக்கும்'னு சிரிச்சாரு. எட்டிப் பார்த்தேன். கை நீட்டினா தொடலாம் போல தண்ணி தளும்பிக்கிட்டு நின்னுச்சு. என் மூஞ்சியே அதுல தெரிஞ்சுது.

ரெண்டு கிணறும் ஒரே ஊரு, ஒரே மண்ணு, ஒரே வானம். நடுவுல வித்தியாசம்னு பார்த்தா நான் விரிச்ச ஷீட்டு ஒண்ணுதான்.

அப்படியே தலையில கை வச்சுக்கிட்டு ஜீப்புல உக்காந்துட்டேன். நான் இழப்புன்னு எழுதினது ஒண்ணும் காணாமப் போகல. என் புருஷன் அதைத்தான் தினமும் ஊருக்கு ஏத்திக்கிட்டு இருந்திருக்காரு. அந்தத் தண்ணியிலதான் நான் சமைச்சிருக்கேன், குளிச்சிருக்கேன், அதைக் குடிச்சுட்டு ஆபீஸ் போய் அது இழப்புன்னு எழுதியிருக்கேன். அடச்சீன்னு இருந்துச்சு எனக்கு.

சிமெண்ட் சாருக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டாரு, நடுவுல பேசல. கெட்ட மனுஷன் இல்ல அவரு.

"ஷீட்டைக் கிழிக்கணுங்கிறியா?"

"ஆமா சார், இப்பவே. கிழிச்சாத்தான் சாயங்காலத்துக்குள்ள கிணறு ஊறும்."

"நாளைக்குக் கிழிம்மா."

"சார், ஆஸ்பத்திரி..."

"நான் சொல்றதைக் கேளு. மீட்டிங் முடிஞ்சதும் கமிட்டி நேரா கடைமடைக்குப் போகுது. அங்க தண்ணி ஓடுறதை அவங்க கண்ணால பார்க்கணும். பார்க்கலன்னு வை, கான்கிரீட் மட்டும் இல்ல, மொத்தத் திட்டத்தையும் கட்டி மூலையில போட்டுடுவாங்க. அப்புறம் கடைமடைக்கு ஒரு நாதியும் கிடையாது. உன் தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அப்ப மேல்மடை மதகை இன்னிக்கு ஒரு நாள் மூடச் சொல்லுங்க சார். அவங்க வயல்ல முழங்கால் அளவு நிக்குது. மூடினா ஷீட்டைக் கிழிச்சாலும் கடைமடைக்குப் போகும். ரெண்டு பக்கமும் பொழைக்கும்."

"மேல்மடை சங்கத் தலைவரே கமிட்டியில உக்காந்திருக்காரு. அவர் மதகை மூடச் சொல்லிட்டு அவர்கிட்டயே போய்க் கையெழுத்து கேக்கவா?" பெருமூச்சு விட்டாரு. "கிணறு நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா. ஒரு நாள். பல்லைக் கடிச்சுக்கோ."

வச்சுட்டாரு. நான் பல்லைத்தான் கடிச்சேன், நறநறன்னு எனக்கே கேட்டுச்சு. மேல்மடையில பயிர் மூழ்கி நிக்கட்டும், அதை யாரும் தொடக்கூடாது. கீழ ஒருத்தன் வயலு, இல்லன்னா படுக்கையில கிடக்கிறவன் உயிரு, இதுல ஒண்ணை நான் எடுத்துக்கலாமாம். ஆத்திரத்துல ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். கை வலிச்சதுதான் மிச்சம்.

அடுத்து தம்பிக்குப் பண்ணணும். பண்ணாம கிழிச்சிருக்கலாம். ஆனா என் வார்த்தையை நம்பி வந்தவன்கிட்ட அதை என் வாயால சொல்லணும்ல.

"அக்கா! நீ இங்க இருக்கணும்க்கா இப்ப. இரு, சத்தத்தைக் கேளு." போனை மடையில கொண்டு போய் வச்சான். கொடகொடன்னு வெடிப்புக்குள்ள தண்ணி இறங்குற சத்தம். பின்னாடி குழந்தை சிரிக்குது. "மேல் பாதி நனைஞ்சுட்டு இருக்கு. கீழ் பாதிக்கு நாளைக் காலையில போயிடும். உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்."

போனைக் காதோட அழுத்திக்கிட்டேன்.

"டேய், தண்ணி நிக்கப் போகுதுடா."

"என்னது?"

சொன்னேன். கிணறு, ஷீட்டு, ஆஸ்பத்திரி, எல்லாம். அவன் பக்கம் தண்ணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

"நாளைக்குக் காலையில வரைக்கும் விடுக்கா. கீழ் பாதி நனையட்டும். அதுக்கப்புறம் நீ கிழி, கொளுத்து, என்ன வேணா பண்ணு."

"அதுக்குள்ள டேங்க் காலியாயிடும்டா. மெஷின்ல ஆளுங்க இருக்காங்க."

"ஆஸ்பத்திரிக்கு லாரி வரும்க்கா. என் வயலுக்கு எந்த லாரி வரும்?"

"லாரி நாளைக்குத்தான்டா வரும்."

"ஒரு ராத்திரி தாங்க மாட்டாங்களா?"

கேட்டுட்டு அவனே திடுக்கிட்டிருப்பான்னு நினைக்கிறேன். லைனைக் கட் பண்ணிட்டான்.

ஜீப்புல ஷீட் அறுக்கிற கத்தி கிடந்துச்சு, கொக்கி மாதிரி வளைஞ்சது. எடுத்துக்கிட்டு கரையில இறங்கினேன். தண்ணி இடுப்பளவு. கூட ஆள் யாரையும் கூப்பிடல. கூப்பிட்டா சிமெண்ட் சார் காதுக்குப் போகும், போனா தடுப்பாரு. புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஷீட்டோட கீழ் முனையிலேர்ந்து ஆரம்பிச்சேன். குனிஞ்சு, மூக்கு வரைக்கும் தண்ணிக்குள்ள போய், காலால தடவி, கத்தியைக் கொக்கி போட்டு இழுக்கணும். எங்க ஒட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டு ஒட்ட வச்சவளே நான்தானே. முதல் கிழிசல்ல குமிழ் குமிழா காத்து வந்துச்சு. அடியில இருந்த காஞ்ச மணலு மூச்சு விடுது. அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. யார் மேல கோவம்னு கேட்டா சொல்லத் தெரியல.

நாலஞ்சு கிழிசல் போட்டு மேல போய்க்கிட்டே இருந்தேன். நீளவாக்குல மட்டும்தான் கிழிக்கணும். குறுக்க கிழிச்சா தண்ணி அடியில புகுந்து ஷீட்டையே தூக்கிடும். இதை ஆளுங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தவ நான். நடுவுல கத்தி ஒட்டுல மாட்டிக்கிச்சு. வெடுக்குன்னு இழுத்தேன். குறுக்க கிழிஞ்சுது.

ஷீட்டு என்னமோ உயிர் வந்த மாதிரி எழும்புச்சு. முழங்காலைச் சுத்தி, இடுப்பைச் சுத்தி, என்னை மல்லாக்கத் தள்ளுச்சு. வாயெல்லாம் தண்ணி. கத்தி கையை விட்டுப் போச்சு. ஒரு தடவை தலை மேல வந்துச்சு, கத்தக்கூட மூச்சு இல்ல, மறுபடியும் உள்ள இழுத்துச்சு. ஈரக்கொலை நடுங்குதுன்னு சொல்வாங்களே, அன்னிக்குத்தான் அது என்னன்னு தெரிஞ்சுது. கண்ணுக்குள்ள ஒரே கருப்பு.

யாரோ என் தலைமுடியைக் கொத்தாப் பிடிச்சாங்க. பிடிச்சு அப்படியே கரைக்கு இழுத்தாங்க. மணல் மூட்டை மேல குப்புற விழுந்து இருமி இருமித் தண்ணியைக் கக்கிட்டு நிமிர்ந்து பார்த்தா, என் தம்பி. முழங்கால் வரைக்கும் அவன் வயல் சேறு, இடுப்பு வரைக்கும் வாய்க்கால் தண்ணி. கரை மேல அவன் பைக் கீழ விழுந்து சக்கரம் சுத்திக்கிட்டு கிடக்குது.

"சாகப் பாக்குறியா? பைத்தியமா நீ?"

"நீ எதுக்குடா வந்த?"

"உன் கையை உடைக்கத்தான் வந்தேன்." அவனுக்கு மூச்சு வாங்குச்சு. "கத்தியைப் பிடுங்கிப் போட்டு, உன்னைக் கட்டி வச்சாவது நாளைக் காலையில வரைக்கும் நிறுத்தலாம்னு வந்தேன். வந்து பார்த்தா நீ முங்கிட்டு இருக்க. அறிவு கெட்டவளே."

பொறந்ததுலேர்ந்து அவன் என்னை அப்படித் திட்டினதில்ல. ரெண்டு பேரும் உக்காந்து தண்ணியைப் பார்த்தோம். எழும்பின ஷீட்டு ஒரு ஓரமா சுருண்டு கிடக்குது. வெறும் மணலு தெரிஞ்ச இடத்துல தண்ணி லேசாச் சுழிச்சு அப்படியே உள்ள போகுது. அதுக்குக் கீழ வாய்க்கால் ஓட்டம் இளைச்சுப் போறது வெறும் கண்ணுக்கே தெரிஞ்சுது. கரையில தண்ணி மட்டம் பார்க்க நட்டிருக்கிற அளவுப் பலகையைப் பார்க்க எனக்கு மனசு வரல. அவன் பார்த்தான்.

"கீழ் பாதிக்கு வராதுல்ல?"

"வராதுடா."

"சரி."

அந்த 'சரி'க்குப் பதிலா அவன் என் கன்னத்துல ஒரு அறை விட்டிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழிச்சு என் போனைத் தேடினேன். ஜீப்புலயே விட்டுட்டு இறங்கியிருக்கேன், அந்த மட்டும் புத்தி இருந்திருக்கு. சிமெண்ட் சார் விடாம அடிச்சிருந்தாரு. நான் மாத்துப் புடவைக்குக் கூடப் போகல. நேரா ஆபீஸ் போனேன். அவனும் பைக்கை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வந்தான். ஏன் வர்றான்னு நான் கேக்கல, அவனும் சொல்லல.

மீட்டிங் அறையில கமிட்டி உக்காந்திருந்துச்சு. காலையில நான் ஒட்டின படம் சுவத்துல அப்படியே இருக்கு. ஆறு, அணை, வாய்க்கால், கடைமடை, பக்கத்துல நாலு வழிக்கும் நாலு வரிசை, ஒவ்வொண்ணுக்கும் லாபம், செலவு, இழப்புன்னு கட்டங்கள். நான் சேறும் ஈரமுமா உள்ள நுழைஞ்சதும் மேல்மடைத் தலைவர் காலை மடக்கிக்கிட்டாரு, சேறு பட்டுடும்னு.

சிமெண்ட் சார் எழுந்தாரு. முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது. ஆனா வார்த்தை பக்குவமாத்தான் வந்துச்சு. "காலையில ஷீட்டுல எதிர்பாராம ஒரு சேதம். அதனால இன்னிக்குக் கடைமடைக்குப் போறதைத் தள்ளி வச்சுக்கலாம். சேதம் எப்படி ஆச்சுன்னு பிறகு விசாரிச்சு..."

எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரு. பேசாம இருந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன் பண்ணாரு. அறை அவ்வளவு அமைதி, நான் எடுத்த உடனே இவரு போட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு.

"ஊறுதும்மா! கிணறு ஊறுது! குழாய் நுனி முங்கிடுச்சு! மெதுவா ஓட்டிப் பார்க்கிறேன். ஹலோ? கேக்குதா?"

"கேக்குது. வைங்க," அப்படின்னேன். வச்சுட்டு கமிட்டித் தலைவரம்மாவைப் பார்த்தேன். "ஷீட்டைக் கிழிச்சது நான்தாங்க."

சிமெண்ட் சார் உக்காந்துட்டாரு.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அழகா எல்லாம் பேசல, பல்லு கடகடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கான்கிரீட் போட்டா கடைமடைக்குத் தண்ணி போகும், பொய்யில்ல. ஆனா அது புதுசா வந்த தண்ணி இல்ல, டவுன் கிணத்துலேர்ந்து எடுத்த தண்ணி. நாங்க வாய்க்காலை மட்டும் அளந்தோம், கரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. இருக்கிற தண்ணியில நிஜமா மிச்சம் பிடிக்கணும்னா, தேவைக்கு மேல தேங்கி நிக்கிற இடத்துல பிடிங்க. மேல்மடையில முறை வச்சு மதகை மூடுங்க. செலவே இல்லாத வழி அதுதான்.

மேல்மடைத் தலைவர் ஃபேனைப் பார்த்துக்கிட்டே, "அதெல்லாம் பேசி முடிவு பண்ண வேண்டிய விஷயம்மா," அப்படின்னாரு.

"இன்னிக்கு ஒரு நாள் மூடுவீங்களாங்க?" நேராக் கேட்டுட்டேன். குரல் கெஞ்சலா வந்துச்சு, எனக்கே பிடிக்கல. "ஒரே ஒரு நாள். கடைமடையில கதிர் வர்ற பயிர் இருக்கு."

"எங்களுக்கும் பயிர் இருக்கும்மா."

தலைவரம்மா கையை உயர்த்தினாங்க. கான்கிரீட்டை நிறுத்தி வைக்கிறோம், கிணறுகளையும் சேர்த்து மறுபடி அளங்க, முறை வைக்கிறதைப் பரிசீலிக்கலாம், அப்படின்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்துக் கனிவாவே பேசினாங்க. "நல்லவேளைம்மா. சரியான நேரத்துல பார்த்தீங்க. வாய்க்கால் தண்ணி வீணாப் போகலன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த இழப்புங்கிற கட்டத்தை அடிச்சுடுங்க. ஒண்ணும் இழப்பில்லியே."

எல்லார் முகத்துலயும் ஒரு நிம்மதி. நாற்காலியெல்லாம் நகர ஆரம்பிச்சுது. நான் பேனாவை எடுத்து, சுவத்துப் படத்துல அந்தக் கட்டத்துல இருந்த எண்ணை அடிச்சேன்.

"ஒரு நிமிஷம்."

கதவு பக்கத்துலேர்ந்து என் தம்பி. அது வரைக்கும் அவன் அங்க நிக்கிறதையே யாரும் கவனிக்கல. ஈரக் கால்சட்டையிலேர்ந்து சேறு வடிஞ்சு கால் கீழ திட்டா நின்னுச்சு.

"கட்டத்தை அடிக்காதீங்க. அதுல போட வேண்டியது இருக்கு."

"யாருப்பா நீங்க?" தலைவரம்மா கேட்டாங்க.

"கடைசி வயல்காரன்." சத்தம் போடல அவன். "கிணத்துக்குத் தண்ணி போச்சு, சரி. போகட்டும், ஆளுங்க பொழைக்கட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணும் இழப்பில்லன்னு சொல்லாதீங்க. என் வயல்ல கீழ் பாதி போயிடுச்சு. அக்கா, அதை எழுது."

சிமெண்ட் சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

அடிச்ச எண்ணுக்குப் பக்கத்துல எழுதினேன். கடைமடை, கடைசி வயல், கீழ்ப் பாதி. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு ஆபீஸே சொல்லும். அன்னிக்குக் கோணக்கோணலா வந்துச்சு. எழுதி முடிக்கிற வரைக்கும் அவன் நின்னு பார்த்தான்.

வெளிய வந்தோம். சாயங்காலம் ஆகியிருந்துச்சு. பைக்கை நிமிர்த்தி வச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"உங்க வீட்டுக் குழாயில தண்ணி வருமா இப்ப?"

"வரும். மாமா பம்ப்பை ஓட்டிட்டாராம்."

"கால் கழுவிட்டுப் போறேன்."

வீட்டு வாசல் பக்கம் ஒரு குழாய் இருக்கு, செடிக்கு விடுறது. இவரு எங்களுக்கு முன்னாடியே வந்து, மாப்ள வா வான்னு துண்டோட ஓடி வந்தாரு. விஷயம் தெரிஞ்சதும் துண்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு. தம்பி குழாயைத் திறந்தான். நல்ல வேகத்துல வந்துச்சு தண்ணி. ஒரு காலைக் கழுவினான், இன்னொரு காலைக் கழுவினான். விரலிடுக்குல இருந்த சேத்தை ஒவ்வொண்ணா எடுத்தான். முகத்துல அடிச்சுக்கிட்டான். அப்புறம் சும்மா கையை நீட்டிக்கிட்டு நின்னான், உள்ளங்கையில விழுந்து விழுந்து தண்ணி ஓடுது, செடிப் பாத்தி ரொம்பி வாசல்ல வழியுது. போதும்டான்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

"குழந்தையை வந்து பாரு ஒரு தடவை," அப்படின்னான் தண்ணியைப் பார்த்துக்கிட்டே. "மேல் பாதியை அறுக்கிற வரைக்கும்தான் இருப்போம்."

"டேய்..."

"கோவம் இல்லக்கா. நிஜமாவே இல்ல. நானா இருந்தாலும் கிழிச்சிருப்பேனான்னு தெரியல. நீ கிழிச்ச. அவ்வளவுதான்."

குழாயை மூடினான். சாதாரணமா மூடல. ரெண்டு கையாலயும் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஒரு சொட்டு கூட விழாத அளவுக்கு முறுக்கி மூடினான். கையைத் துடைக்காமலே பைக்கை எடுத்துக்கிட்டுப் போனான்.

மறுநாள் காலையில செடிக்குத் தண்ணி விடப் போனேன். எவ்வளவு திருகியும் அந்தக் குழாய் என் கைக்குத் திறக்கல. இவரு பம்ப் ஹவுஸ்லேர்ந்து பெரிய ஸ்பானர் கொண்டு வந்துதான் திறந்துவிட்டாரு.